வெளிநாட்டில் கார்டு மெஷின் "எந்த நாணயத்தில் கட்டுகிறீர்கள்?" என்று கேட்டால் எதைத் தேர்ந்தெடுப்பது?

போயிருக்கும் நாட்டின் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். திரையில் சொந்த நாட்டு நாணயத்தில் தொகை தெரிந்தால் மனசுக்கு நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மாற்று விகிதத்தை வைப்பது விசாவோ மாஸ்டர்கார்டோ இல்லை. கடைக்கு மெஷின் சேவை தரும் நிறுவனம். அதில் அவர்கள் லாபமும் சேர்ந்திருக்கும். இதற்கு மேலும் உங்கள் வங்கி வெளிநாட்டுக் கட்டணம் பிடிக்கலாம்.

ஏடிஎம்மில் இன்னும் கவனம் வேண்டும். "இந்த விகிதத்தை ஏற்கிறீர்களா?" என்று கேட்கும்போது, மறுத்தால் பணமே வராதோ என்று பயந்து பலர் ஒப்புக்கொண்டு விடுகிறார்கள். தைரியமாக மறுங்கள். பணம் வரும்; கணக்கு மட்டும் கார்டு நிறுவனத்தின் விகிதத்தில் போகும்.

ரொக்கம் எடுக்க டெபிட் கார்டே நல்லது. கிரெடிட் கார்டில் எடுத்தால் பெரும்பாலும் அன்றே வட்டி ஓடத் தொடங்கும், கட்டணம் தனி. ஹோட்டல், வாடகைக் கார் என்றால் நேர்மாறு. பாதுகாப்புக்காக ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள். டெபிட் கார்டு கொடுத்தால் செலவுக்கு வைத்திருக்கும் பணமே பல நாள் மாட்டிக்கொள்ளும்.

அப்புறம், கிளம்பும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வையுங்கள். இரண்டு கார்டுகளையும் ஒரே பர்ஸில் வைக்காதீர்கள்.