பத்திரத்தைத் திரும்பப் பெட்டியில் வையுங்கள்

அம்மா, விடியற்காலைப் பால்வெட்டை முடித்த கையோடு குலசேகரத்திலிருந்து பஸ் ஏறி வந்த உங்களிடம், "கவலைப்படாதீர்கள்" என்று முதலில் நானும் சொன்னேன். பையிலிருந்து நிலப் பத்திரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தீர்கள். அதற்குமேல் ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முப்பது சென்ட் ரப்பர் தோட்டத்தை அடமானம் வைத்து, மகளை நிர்வாக ஒதுக்கீட்டில் பிசியோதெரபியில் சேர்க்க வேண்டும் என்கிறீர்கள். படிப்பில் குறையில்லை. ஆனால் அதைக் கேட்பவர் துபாயில் இருக்கும் அவளுடைய மாமா. வட்டி கட்டப்போகிறவர் நீங்கள். ஆண்டுக்கணக்கில் படிக்கப்போகிறவளோ இந்தப் படிப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஒரே ஒருமுறை பேசினாள். பாட்டியின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போது முதலில் தன் புறங்கையில் சூடு பார்ப்பாளாம். "எனக்குப் பொறுக்கிற சூடு பாட்டிக்குப் பொறுக்காது சார்" என்றாள். இந்தக் கவனம் சொல்லிக்கொடுத்து வருவதில்லை.

அவளுக்கு நான் சொல்வது பஞ்சகர்ம தெரபிஸ்ட் பயிற்சி, அதாவது ஆயுர்வேத மருத்துவர் சொல்கிற எண்ணெய், ஒத்தடச் சிகிச்சைகளைக் கையால் செய்கிற வேலை. "உடம்பு பிடித்துவிடுகிற வேலையா, நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று கேட்டீர்கள். அடிபட்டவர்களை வர்ம ஆசான்கள் தடவி எழுப்பி நடக்கவைத்த குமரி மாவட்டம் இது. சித்த மருத்துவத்தில் உடம்பு பிடித்துவிடுவதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், அழுத்தல், இழுத்தல் என்று ஒன்பது வகை சொல்லியிருக்கிறார்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். ஞவரக்கிழி என்ற அரிசி ஒத்தடத்துக்கு ஞவரை அரிசியைப் பாலிலும் குறுந்தோட்டி என்ற மூலிகைக் கஷாயத்திலும் வேகவைத்துத் துணியில் முடிய வேண்டும். தோணி என்கிற மரச் சிகிச்சைக் கட்டிலில் படுத்திருப்பவருக்கு இரு பக்கமும் இருவர் நின்று, ஒரே வேகத்தில், ஒரே அழுத்தத்தில் அந்தத் துணி முடிச்சை, அதாவது கிழியை, ஓட்ட வேண்டும். ஒன்று ஆறுவதற்குள் அடுத்தது சூடாகித் தயாராக இருக்க வேண்டும். தாரை என்றால் நெற்றிக்கு நாலு விரல் உயரத்திலிருந்து எண்ணெய் அறாமல் விழ வேண்டும். இவற்றைவிட முக்கியம், எங்கே கை வைக்கக் கூடாது என்ற அறிவு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். தேய்க்காமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். நோயைக் கண்டறிவது மருத்துவர் பொறுப்பு, அவர் எழுதித்தருவதைச் செய்வது தெரபிஸ்ட் பொறுப்பு. ஆண்களுக்கு ஆண், பெண்களுக்குப் பெண் என்பது நல்ல ஆயுர்வேத நிலையங்களில் கண்டிப்பான வழக்கம். உங்கள் பாதி பயம் இதிலேயே தீர வேண்டும். களியக்காவிளை தாண்டினால் கேரளம். கோவளம் பக்கம் இந்தச் சிகிச்சைக்கென்றே வெளிநாட்டவர்கள் வந்து தங்குகிறார்கள்.

உடம்பு நோகிற வேலைதான், மறைக்க மாட்டேன். கட்டைவிரலால் மட்டும் அழுத்திப் பழகுகிறவர்களுக்கு கட்டைவிரல் மூட்டு பாதிக்கப்படலாம். உடல் எடையைக் கைக்கு இறக்கி அழுத்தக் கற்றுத்தரும் இடமாகப் பாருங்கள்.

பணத்தில் நான் பிடிவாதக்காரன். இந்தப் பயிற்சிக்கும் நிலத்தைத் தொடக் கூடாது. முழுக் கட்டணத்தையும் ஒரே தவணையில் கேட்கிற இடம் வேண்டாம். நோயாளிகளிடம் எத்தனை மாதம் கைப்பழக்கம் தருவார்கள், சான்றிதழை எந்த அரசு அமைப்பு ஏற்கிறது என்று கேளுங்கள். இரண்டுக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பிறகு யாராவது வளைகுடா வேலை என்று வந்தால், அந்த முகவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம்.

கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஒருநாள் காலை மகளோடு அங்கே போய், எங்கே படித்தால் உண்மையான பயிற்சி கிடைக்கும் என்று மருத்துவர்களிடமே கேளுங்கள். கேள்விகளை அவள் கேட்கட்டும். அன்றிரவு மாமாவுக்குப் போன் செய்து சொல்ல வேண்டியதையும் அவளே சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.