பெரிய கோயில் நிழல் முதல் தை முதல் நாள் வரை: வானியல் கேள்வி பதில்

கும்பகோணம், பி.காம். மாணவி: தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்கிறார்களே, உண்மையா சார்?

விழும். காலையிலோ மாலையிலோ போனால் கண்ணாலேயே பார்க்கலாம். உச்சிவேளையில் விழுமா என்பது மாதத்தைப் பொறுத்தது. தஞ்சாவூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10.8 டிகிரியில் இருக்கிறது. டிசம்பர் 21 வாக்கில் சூரியன் 23.4 டிகிரி தெற்கே போய்விடும். இரண்டையும் கூட்டி 90-லிருந்து கழியுங்கள்: 55.8. அன்று உச்சிவேளையில் சூரியன் இருக்கும் உயரம் அதுதான். விமானம் 60 மீட்டர் என்று குறைத்தே வைத்தாலும், அதன் உச்சியின் நிழல் வடக்கே 40 மீட்டர் தள்ளி விழும். அடித்தளத்தின் பாதி அகலம் சுமார் 15 மீட்டர்தான், ஆகவே மீதி நிழல் தரையில்தான் விழும். ராஜராஜன் 1010-இல் எழுப்பி முடித்த கோயிலின் பெருமைக்கு இந்தக் கதை தேவையே இல்லை.

திருவாரூர், வரலாறு மாணவர்: நிழலில்லா நாளை நாங்களே பார்க்க முடியுமா?

தாராளமாக. உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்கு மேலே வந்து, நட்ட குச்சிக்குக்கூட நிழல் விழாத நாள் அது; நமக்கு ஏப்ரல் 18, ஆகஸ்ட் 24 வாக்கில். ஏப்ரலையே நம்புங்கள், ஆகஸ்டில் மேகம் ஏமாற்றும். 30 செ.மீ. பிவிசி குழாய்த் துண்டைச் சமதளத்தில் நிறுத்தி, தூக்குக்குண்டு வைத்து நேர்பாருங்கள். ஒரு டிகிரி சாய்ந்தாலே அரை செ.மீ. நிழல் வந்துவிடும். பலரும் கோட்டைவிடுவது நேரத்தில். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது, திருவாரூர் 79.6. மேற்கே ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் தாமதம். அதனால் உங்கள் உச்சிப்பொழுது ஏப்ரலில் 12.11, ஆகஸ்டில் 12.14. ஏப்ரலில் 12 மணிக்கே பார்த்தால் ஒன்றரை செ.மீ. அளவுக்கு நிழல் இருக்கும், நாளே தப்பு என்று நினைத்துவிடுவீர்கள்.

மயிலாடுதுறை, பி.ஏ. தமிழ்: துருவ நட்சத்திரம் கண்ணில் படவே இல்லையே?

நமக்கு அது அடிவானத்திலிருந்து 11 டிகிரிதான். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. அந்த உயரத்தில் தேடுங்கள். வடக்கே தென்னந்தோப்போ ஊர் விளக்கோ இருந்தால் தெரியாது. அறுவடை முடிந்த வயல்வெளி நல்லது. ஏப்ரல், மே இரவு 9 மணிக்குச் சப்தரிஷி மண்டலம் (வால் வைத்த பாத்திரம் போன்ற ஏழு நட்சத்திரங்கள்) வடக்கே உயர்ந்து நிற்கும். அதன் பாத்திரப் பகுதியில், வாலுக்கு எதிர்ப்புற ஓரத்து இரண்டு நட்சத்திரங்களை இணைத்து, அந்தத் தூரத்தைப் போல் ஐந்து மடங்கு கீழ்நோக்கிப் போங்கள். மிகப் பிரகாசமாக ஒன்றைத் தேடினால் ஏமாறுவீர்கள். அது நடுத்தர ஒளிதான்.

நாகப்பட்டினம், பொருளியல்: உத்தராயணம் தை 1 என்கிறோம், பாடத்தில் டிசம்பர் 21 என்கிறார்களே?

சூரியன் வடக்கு நோக்கித் திரும்புவது டிசம்பர் 21 வாக்கில்தான். பூமியின் அச்சு தலையாட்டும் பம்பரம் போல 26,000 ஆண்டுக்கு ஒரு சுற்று சுற்றுகிறது, 72 ஆண்டுக்கு ஒரு டிகிரி. தமிழ் மாதங்கள் நட்சத்திரப் பின்னணியை வைத்துக் கணக்கிடப்படுகின்றன. பருவங்களோ அச்சின் சாய்வால் வருகின்றன. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒத்துப்போயின. இப்போது இடைவெளி 24 டிகிரி, அதாவது டிசம்பர் 21-க்கும் தை 1-க்கும் நடுவே ஏறக்குறைய 24 நாள்.