சுவருக்குள் இத்தனை குழாயா?

கேள்வி: ‘பிரேசில்’ படத்தை இப்போதுதான் பார்த்தேன். எதிர்காலக் கதை என்றார்கள், பார்த்தால் எல்லாரும் தாத்தா காலத்துக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு தட்டச்சு செய்கிறார்கள். வீடு முழுக்க ஏன் அத்தனை குழாய்? இதெல்லாம் எங்கிருந்து பிடித்தார்கள்?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: குழாய் லண்டனிலிருந்து வந்தது. அழகான பழைய வீட்டு முகப்பின் பூவேலையைக் குடைந்துகொண்டு கழிவறைக் குழாய் இறங்குவதைப் பார்த்து எரிச்சல்பட்டவர் இயக்குநர் டெர்ரி கில்லியம். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஃபெரி ஏறி பினாங்குத் தீவின் லெபோ குயின் தெருப் பக்கம் வந்து கடைவீடுகளை அண்ணாந்து பாருங்கள், சுண்ணாம்புப் பூவுக்கு நடுவில் ஏர்கோன் குழாய் வளைந்து இறங்கும், அது சொட்டுகிற இடத்தில் யாராவது மைலோ டின் வைத்திருப்பார்கள். படத்தில் அதே குழாய் வீட்டுக்குள் இருக்கிறது. சுவர்ப் பலகையைக் கழற்றியதும் குடல் சரிந்த மாதிரி வெளியே வந்து விழுகிறது. சிரிப்பும் வருகிறது, வயிற்றையும் கலக்குகிறது.

படம் வந்தது 1985இல். வரப்போகும் காலத்தைக் காட்ட அவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, இருப்பதையே தப்பாக ஒட்டவைத்தார்கள் என்பது என் எண்ணம். தீப்பெட்டி அளவுத் திரை, அதைப் பெரிதாக்க முன்னால் ஒரு பூதக்கண்ணாடி, கீழே பழைய தட்டச்சு விசைகள். நாயகன் குடியிருக்கும் அடுக்குமாடி பாரிஸ் அருகே கட்டடக்கலைஞர் ரிக்கார்டோ போஃபில் கட்டிய நிஜக் குடியிருப்பு. சித்திரவதைக் கூடம்? லண்டன் குரோய்டன் மின்நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரம், உள்ளே நின்றால் மனிதன் எறும்பு.

அப்புறம் பழைய படங்கள். 1925இன் ‘பொட்டெம்கின்’ படத்தில் படிக்கட்டில் குழந்தையோடு தள்ளுவண்டி உருளும், இதில் தரை சுத்தம் செய்யும் இயந்திரம் உருள்கிறது. வரிசை வரிசையாக மேசை போட்ட அலுவலகத்தைப் பார்த்ததும் எனக்கு ஆர்சன் வெல்ஸ் எடுத்த ‘தி டிரையல்’ (1962) ஞாபகம் வந்தது. ஆனால் மேலதிகாரி கதவைச் சாத்தியதும் மொத்த அலுவலகமும் வேலையை விட்டுவிட்டு கௌபாய் படம் பார்க்கிறதே, அதற்கு எந்தப் படத்தையும் பார்க்கத் தேவையில்லை, கோலாலம்பூரில் எந்த ஆபீசிலும் நடக்கும்.

கேள்வி: இந்த மாதிரிப் படங்களுக்கெல்லாம் முன்னோடி என்கிறார்களே, ‘மெட்ரோபோலிஸ்’ (1927) பார்க்கலாமா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: பாருங்கள், ஆனால் இரண்டரை மணி நேரம் ஓடும் பிரதியைத் தேடிப் பிடியுங்கள். தொலைந்துபோன காட்சிகள் 2008இல் புவெனஸ் ஐரிஸில் கிடைத்து அதில் சேர்ந்திருக்கின்றன. அந்த இடங்களில் திரை முழுக்கக் கோடு கோடாகக் கீறல் விழும். டிவியைத் தட்டாதீர்கள்.