குழந்தைகளின் கண் அறுவைக்குப் பின் அழற்சி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மூன்று வயது மகனுக்குக் கண்புரை அறுவை முடிந்து பத்து நாட்களாகின்றன. கண்ணில் சிவப்பே இல்லை. சொட்டு மருந்தை நிறுத்தலாமா?

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். வெளியே சிவப்பு மறைந்தாலும் உள்ளே அழற்சி நீடிக்கலாம். கண்ணின் முன்னறையில் மிதக்கும் அழற்சி அணுக்கள் ஸ்லிட் லேம்ப் கருவியில்தான் தெரியும். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் கண் திசுக்கள் அறுவைக்குக் கடுமையாக எதிர்வினை காட்டுவதால், ஃபைப்ரின் என்னும் புரத இழை படிந்து, ஐரிஸ் என்னும் நிறத்திரை பின்னாலிருக்கும் லென்ஸோடு ஒட்டிக்கொண்டு, அதன் நடுவிலுள்ள கருந்துளையான கண்பாப்பாவின் வட்டம் கோணலாகவோ, பார்வையின் வழியில் சவ்வு உருவாகவோ கூடும். பார்வை வளரும் வயதில் இத்தகைய மறைப்பு நீடித்தால் அந்தக் கண் சோம்பி, பார்வை சரியாக வளராமல் போகும். எனவேதான் பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீராய்டு சொட்டுகளை முதலில் அடிக்கடி விடச் சொல்லி, பின்பு சில வாரங்களில் படிப்படியாகக் குறைக்கிறோம்.

கேள்வி: ஸ்டீராய்டு கண் அழுத்தத்தை உயர்த்தும் என்கிறார்களே?

பதில்: உண்மைதான். சில குழந்தைகளுக்கு அது விரைவாகவே உயரும். பெரும்பாலும் வலியோ வேறு அறிகுறியோ இராது. ஆகவே மருந்து தொடரும்வரை ஒவ்வொரு வருகையிலும் அழுத்தத்தை அளக்க வேண்டும். எனக்கு மிகுந்த கவலை தருவது, பழைய சீட்டைக் காட்டிப் பரிசோதனையின்றி மீண்டும் மீண்டும் மருந்து வாங்குவதுதான்.

கேள்வி: சொட்டு விடும்போது என் மகள் கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள்.

பதில்: மல்லாக்கப் படுக்கவைத்து, மூடிய கண்ணின் மூக்கோர மூலையில் ஒரு சொட்டு விடுங்கள்; கண்ணைத் திறந்ததும் மருந்து உள்ளே இறங்கும். பிரெட்னிசொலோன் அசிட்டேட்டில் மருந்துத் துகள்கள் அடியில் தங்கும் என்பதால் புட்டியை முதலில் நன்றாகக் குலுக்குங்கள். விட்டபின் அதே மூலையை ஓரிரு நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடித்தால் மருந்து உடலுக்குள் செல்வது குறையும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி வேண்டும்.

கேள்வி: அட்ரோபின் சொட்டு எதற்கு?

பதில்: கண்பாப்பாவை விரித்துவைத்து, ஐரிஸ் லென்ஸோடு ஒட்டுவதைத் தடுக்கவும், வலியைக் குறைக்கவும். முகம் சிவந்து காய்ச்சலும் அமைதியின்மையும் தோன்றினால், அடுத்த சொட்டுக்கு முன் மருத்துவரிடம் பேசுங்கள்.

கேள்வி: எப்போது உடனே வர வேண்டும்?

பதில்: வலியோ சிவப்போ கூடினால், இமை வீங்கினால், சீழ் வடிந்தால், வெளிச்சத்தைக் கண்டு குழந்தை முகத்தைப் புதைத்தால், அன்றே வாருங்கள். அது கிருமித் தொற்றாகவும் இருக்கலாம் என்பதால், நீங்களாகவே ஸ்டீராய்டைக் கூட்டிப் பார்க்க வேண்டாம்.