ஆர்சி விமானம் பழக எந்த சிமுலேட்டர் வாங்கலாம்?

கேள்வி: பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரிகளுக்கு இடையிலான ஆர்சி (ரேடியோ ரிமோட்டால் இயக்கும்) விமானப் போட்டிக்கு எங்கள் குழு ஒரு விமானம் செய்கிறது. ஓட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. இதுவரை எதையும் பறக்கவிட்டதில்லை. கையில் இருப்பது ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 டிரான்ஸ்மிட்டர். லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. சீனியர்கள் ரியல்ஃப்ளைட் வாங்கச் சொல்கிறார்கள், விலையைப் பார்த்தால் தயக்கமாக இருக்கிறது. இலவச சிமுலேட்டர் போதுமா? என்னிடம் இருக்கும் கேம்பேடிலேயே பழகலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கேம்பேட் வேண்டாம், கீபோர்டு வேண்டவே வேண்டாம். கேம்பேடின் இரண்டு ஸ்டிக்கும் கையை எடுத்தால் நடுவுக்கு வந்துவிடும். உங்கள் டிரான்ஸ்மிட்டரில் த்ராட்டில் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது) விட்ட இடத்திலேயே நிற்கும். ஸ்டிக் நகரும் தூரமும் கேம்பேடில் மிகக் குறைவு. அதில் பழகிய விரல், மைதானத்தில் எலிவேட்டரை (விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பு) தேவைக்கு மேல் இழுக்கும். சிமுலேட்டரில் பழகுவது விரல்தான் என்பதால், பறக்கவிடப்போகும் அதே டிரான்ஸ்மிட்டரை வைத்துப் பழகுங்கள். மென்பொருள் தேர்வு அதற்கு அப்புறம்தான்.

சரி, எஃப்எஸ்-ஐ6-ஐ லேப்டாப்போடு எப்படி இணைப்பது? ரேடியோமாஸ்டர் போன்ற, எட்ஜ்டிஎக்ஸ் மென்பொருளில் ஓடும் டிரான்ஸ்மிட்டர்களில் யுஎஸ்பி கேபிளைச் செருகி 'ஜாய்ஸ்டிக்' என்று தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. உங்களுடையதில் அந்த வசதி இல்லை. பின்பக்கம் பழைய எஸ்-வீடியோ சாக்கெட் போல வட்டமான ஒரு துளை இருக்கும், அதுதான் இன்னொரு டிரான்ஸ்மிட்டரை இணைப்பதற்கான டிரெய்னர் போர்ட். அதற்கான கேபிளும் ஒரு யுஎஸ்பி டாங்கிளும் சேர்ந்து சிமுலேட்டர் கேபிள் என்ற பெயரில் ஹாபி கடைகளிலும் ஆன்லைனிலும் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும். வாங்கும்போது எஃப்எஸ்-ஐ6-க்குப் பொருந்தும் முனை உள்ளே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சில டாங்கிள்களில் எந்த சிமுலேட்டர் என்று மாற்றும் சிறிய ஸ்விட்சும் இருக்கும். சாதாரண ஜாய்ஸ்டிக்காகக் காட்டும் நிலையில் அதை வையுங்கள். விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் பகுதியைத் திறந்து ஸ்டிக்கை அசைத்தால் கோடுகள் நகர வேண்டும். நகர்ந்தால் மேற்கொண்டு போகலாம்.

அந்த டாங்கிளோடு ஒரு சிடியும் வரலாம். பெரும்பாலும் எஃப்எம்எஸ் என்ற பழைய சிமுலேட்டர், இல்லாவிட்டால் எங்கிருந்தோ நகலெடுத்த ஃபீனிக்ஸ் இருக்கும். ஃபீனிக்ஸ் நிறுத்தப்பட்டு வருடங்கள் ஆகிவிட்டன. சிடியை ஓரமாக வைத்துவிடுங்கள்.

இனி மென்பொருள். உங்கள் லேப்டாப்புக்கு நான் முதலில் சொல்வது பிகாசிம். இலவசம், சின்னது, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமலே ஓடும். மலைச்சரிவில் பறக்கும் கிளைடர்களுக்காகப் பேர் வாங்கியது என்றாலும் மோட்டார் விமானங்களும் அதில் உண்டு. விமானத்தின் அசைவு நம்பும்படியாக இருக்கும், ஆனால் காட்சிகள் எளிமையானவை. லினக்ஸ் வைத்திருந்தால் சிஆர்ஆர்சிசிம் இருக்கிறது. அதுவும் இலவசம், திறந்த மூல மென்பொருள். ஆனால் பார்க்கப் பழசாக இருக்கும். இடது வலது குழப்பம் தீரும்வரை இவற்றில் எதுவும் போதும்.

சீனியர்கள் சொன்ன ரியல்ஃப்ளைட் நல்ல சிமுலேட்டர்தான், அதில் சந்தேகம் இல்லை. அதன் பழைய பதிப்புகள் சொந்தக் கன்ட்ரோலரையோ டாங்கிளையோ செருகினால்தான் திறக்கும். இப்போதைய எவல்யூஷன் பதிப்பு மற்ற யுஎஸ்பி கன்ட்ரோலர்களையும் ஏற்கிறது. விண்டோஸில் மட்டுமே ஓடும். விமானம் கட்டும் குழுவுக்கு அதில் ஒரு தனி லாபம் உண்டு: விமானத்தின் எடை, இறக்கை, மோட்டார், புவியீர்ப்பு மையம் எல்லாவற்றையும் மாற்றிப் பார்க்கலாம். நீங்கள் செய்யும் விமானத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்துவரும் ஒன்றை எடுத்து எடையை ஏற்றுங்கள், மையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளுங்கள். ஒரு கட்டத்தில் எலிவேட்டரைத் தொட்டாலே மூக்கு துள்ளும். வாலில் எடை கூடினால் என்ன ஆகும் என்பதைப் பால்சா மர விமானத்தை உடைக்காமல் பார்த்துவிடலாம். ஆர்டுபைலட் மென்பொருளை வைத்துத் தானியங்கிப் பறத்தல் செய்ய நினைத்தால், அதைக் கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கும் எஸ்ஐடிஎல் சோதனை முறையை ரியல்ஃப்ளைட்டோடு இணைக்கவும் முடியும். உங்களைப் போன்ற மாணவர்களுக்குத்தான் அந்த விலை நியாயமாகப் படும். குழுவில் பகிர்ந்து ஒரே கணினியில் வாங்குங்கள்.

விமானங்கள் குறைவாக உள்ள டிரெய்னர் எடிஷன் ஒன்றும் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் உண்டு, விலையும் குறைவு. எதை வாங்கினாலும் ஸ்டீம் வழியாக வாங்குவது நல்லது. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஓட்டியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். முதல் ஒரு மணி நேரத்திலேயே டாங்கிள் வேலை செய்கிறதா, படம் திக்காமல் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். திக்கினால் நிழலையும் புல்லையும் அணைத்துவிட்டு, ஃபோட்டோஃபீல்டு வகை மைதானத்தைத் தேர்ந்தெடுங்கள். அது புகைப்படப் பின்னணி என்பதால் கணினிக்குச் சுமை குறைவு. ஸ்டிக்கை அசைத்ததற்கும் விமானம் அசைவதற்கும் இடையே தாமதம் தெரிந்தால் அந்தப் பயிற்சி கெடுதல்தான். டிவியில் இணைத்து ஆடுவதாக இருந்தால் கேம் மோடை ஆன் செய்யுங்கள்.

ஏரோஃப்ளை ஆர்சியும் நல்லது, ஆனால் இரண்டையும் வாங்கத் தேவையில்லை. ஹெலிகாப்டர்காரர்களுக்கு நெக்ஸ்ட், எஃப்பிவி (கேமரா வழியாகப் பார்த்து ஓட்டும்) ட்ரோனுக்கு லிஃப்ட்ஆஃப், வெலாசிட்ரோன். அவை உங்கள் வேலைக்கு ஆகாது.

அமைப்பில் பலர் சறுக்குவது ஒரு இடத்தில். எஃப்எஸ்-ஐ6-இல் 20 மாடல் நினைவகம் (ஒவ்வொரு விமானத்துக்கும் தனி அமைப்பைச் சேமிக்க) இருக்கிறது. சிமுலேட்டருக்கென்று ஒன்றைப் புதிதாக ஒதுக்கி, ட்ரிம் (நடுநிலைத் திருத்தம்) பூஜ்ஜியம், மிக்சிங் (சேனல்களைக் கலப்பது) இல்லை, எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுப்பகுதியை மென்மையாக்குவது) இல்லை என்று வையுங்கள். ஏதாவது சேனல் தலைகீழாக வேலை செய்தால் சிமுலேட்டருக்குள் மாற்றுங்கள், டிரான்ஸ்மிட்டரில் வேண்டாம். நிஜ விமானத்தின் மாடலில் ரிவர்ஸை மாற்றி வைத்துவிட்டு அப்படியே மைதானத்துக்குப் போனால் ஏலரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடிப்பு) எதிர்ப்பக்கம் வேலை செய்யும், விமானம் கிளம்பிய வேகத்தில் தரையில் விழும். மோட் 2-தானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்: த்ராட்டிலும் ரட்டரும் (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் மடிப்பு) இடது ஸ்டிக்கில், எலிவேட்டரும் ஏலரானும் வலதில்.

பழகும்போது கேமராவை விமானத்தின் பின்னால் ஓடவிடாதீர்கள். பைலட் நிற்கும் இடத்திலிருந்து மட்டும் பாருங்கள். விமானத்தின் பின்னாலிருந்து பார்த்தால் எவருக்கும் ஓட்டத் தெரியும். அது நம்மை நோக்கித் திரும்பி வரும்போதுதான் இடதும் வலதும் மாறிப்போகும். அதற்கு ஒரு பழைய உபாயம்: விமானம் முகத்துக்கு நேராக வரும்போது எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளுங்கள், நிமிர்ந்துவிடும். தாழ்கிற பக்கத்துக்கு முட்டுக் கொடுப்பது மாதிரி.

மேலிறக்கை டிரெய்னர் (பழகுவதற்கான விமானம்) ஒன்றை எடுத்து, தானாக நிமிர்த்தும் வசதி இருந்தால் அணைத்துவிட்டு, ஒரே உயரத்தில் எட்டு போடுங்கள். எட்டில் இரண்டு பக்கத் திருப்பமும் வந்துவிடும். வட்டமே போட்டுக்கொண்டிருந்தால் ஒரு பக்கம்தான் கை பழகும். அது கைவந்த பின் ஓடுபாதைக்கு இணையாக நீள்சதுரச் சுற்று, இரண்டு திசையிலிருந்தும் இறக்கம். காற்றை மெதுவாகக் கூட்டுங்கள், பக்கவாட்டிலிருந்தும் வீசவிடுங்கள். இடையிடையே த்ராட்டிலை முழுதாக மூடி, மோட்டார் நின்றுவிட்டதாக வைத்துக்கொண்டு இறக்கிப் பாருங்கள். சும்மா லூப் அடித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை, உங்கள் போட்டிக்கு வேண்டியது சுமையோடு ஏறுவதும் பத்திரமாக இறங்குவதும்தான். தினமும் இருபது நிமிடம் போதும், ஒரே நாளில் நான்கு மணி நேரம் உட்காருவதைவிட அது நல்லது.

சிமுலேட்டர் தராத சில விஷயங்கள் இருக்கின்றன. திரையில் தூரம் சரியாகத் தெரியாது. வெயில் கண்ணில் அடிக்காது. விழுந்தால் ஒரு பட்டனில் மீண்டுவிடும் என்பதால் பதற்றமும் வராது. குழுவின் விமானத்தில் நேராகக் கை வைக்காமல், முதலில் நுரையில் செய்த ஒரு டிரெய்னரைப் பறக்கவிடுங்கள். ஏற்கெனவே ஓட்டத் தெரிந்தவர் பக்கத்தில் நிற்கட்டும். அவரிடமும் எஃப்எஸ்-ஐ6 இருந்தால் டிரெய்னர் கேபிளால் இரண்டையும் இணைத்துக்கொள்ளலாம். அவர் ஸ்விட்சைப் பிடித்திருக்கும்வரை விமானம் உங்கள் கையில், விட்டால் அவர் கையில். கிளம்பும் முன் ரேஞ்ச் (சிக்னல் எட்டும் தூரம்) சோதனை, புவியீர்ப்பு மையம், ஏலரான் எந்தப் பக்கம் எழுகிறது என்பது மூன்றையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். டிரான்ஸ்மிட்டரை அணைத்தால் மோட்டார் நிற்கிறதா என்பதை ப்ரொபெல்லரைக் கழற்றிவிட்டு வீட்டிலேயே சோதித்துவிடலாம்.