வீட்டுக்குள் சாக்கடை நாற்றம்: கேட்டவர்களுக்குப் பதில்

காரைக்குடி வட்டாரத்தில் பழைய வீடு, புது வீடு இரண்டிலும் குழாய் வேலை பார்க்கிறேன். முக்கால்வாசிப் பேர் "எதை ஊற்றினால் நாற்றம் போகும்?" என்றே கேட்டிருக்கிறீர்கள். அது எந்த வழியாக உள்ளே வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டால், பெரும்பாலும் தண்ணீரைத் தவிர எதையும் ஊற்ற வேண்டியிருக்காது.

கேள்வி (பள்ளத்தூர்): நாங்கள் இருப்பது சென்னையில். படைப்பு வழிபாட்டுக்குப் பங்காளிகள் எல்லாரும் கூடும்போதுதான் பூர்வீக வீட்டைத் திறப்போம். திறந்தவுடன் இரண்டாம் கட்டு முழுக்க நாற்றம். இரண்டு நாளில் தானாகப் போய்விடுகிறது. ஏன் தம்பி?

பதில்: தானாகப் போகவில்லை ஆச்சி, நீங்கள் எல்லாரும் குளித்ததால் போயிருக்கிறது. பாத்ரூம் தரையில் தண்ணீர் போகும் ஓட்டைக்குக் கீழே ட்ராப் இருக்கிறது. அதன் வளைவில் சுமார் 5 சென்டிமீட்டர் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்க வேண்டும். செப்டிக் டேங்க் காற்றை உள்ளே விடாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான், வேறு கதவு கிடையாது. நம் ஊர் வெயிலில் பூட்டிய வீட்டில் அது சில வாரங்களில் வற்றிவிடும். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் சொல்லிவையுங்கள்: பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு ஓட்டையிலும் அரை வாளி தண்ணீர், கக்கூஸில் ஒரு ஃப்ளஷ். கொல்லையில் துணி துவைக்கும் இடத்தையும் மாடியில் யாரும் போகாத பாத்ரூமையும்தான் எல்லாரும் மறப்பார்கள்.

பல மாதம் பூட்டப் போகிறீர்கள் என்றால், கடைசியாகத் தண்ணீர் ஊற்றியபின் இரண்டு மேஜைக்கரண்டி லிக்விட் பாரஃபின் விடுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும். மேலே படலமாக நின்று தண்ணீர் ஆவியாவதைக் குறைக்கும். சமையல் எண்ணெயும் மிதக்கும்தான், ஆனால் போகப் போகச் சிக்கு வாடை அடிக்கும்.

கேள்வி (ஆத்தங்குடி): தினமும் கழுவுகிறோம், வாரம் ஒருமுறை ஆசிட் ஊற்றுகிறோம். அப்படியும் பாத்ரூமில் நாற்றம்.

பதில்: முதலில் ஆசிட்டை நிறுத்துங்கள். உங்கள் ஊர்க் கல்லே சிமெண்ட்டில் செய்வது. ஆசிட் பட்டால் நிறமும் பளபளப்பும் அரித்துப் போகும், திரும்ப வராது. செப்டிக் டேங்கில் கழிவைச் செரிக்கிற நுண்ணுயிர்களுக்கும் ஆகாது. ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் போட்டால் குளோரின் வாயு கிளம்பி மூச்சையே அடைத்துவிடும்.

அப்புறம், தரையில் உள்ள சல்லடை மூடியைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒன்று இருக்க வேண்டும். தண்ணீர் மெதுவாக இறங்குகிறது என்று யாரோ எடுத்து வெளியே போட்டிருப்பார்கள். நான் போகும் வீடுகளில் பாதிக்கு இதுதான் நோய். இந்த வகை ஓட்டையில் வளைவுக்குப் பதிலாகத் தண்ணீரைத் தேக்கி அடைப்பது அந்தக் கிண்ணம்தான்; அது இல்லாவிட்டால் அங்கே ட்ராப்பே இல்லை என்று அர்த்தம். இருந்தால் எடுத்து, முடியையும் சோப்புப் பிசுக்கையும் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டுத் திரும்ப வையுங்கள். வாஷ்பேசினிலிருந்து வரும் நெளி ஹோஸைத் தரை ஓட்டையில் சும்மா செருகியிருந்தால், சுற்றியுள்ள இடைவெளிக்கு ரப்பர் வளையம் போடச் சொல்லுங்கள்.

கேள்வி (தேவகோட்டை): எங்கள் வீட்டில் மூன்று பாத்ரூம், ஏழெட்டு ஓட்டை. எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பாலிதீன் பையில் பாதி தண்ணீர் பிடித்துக் கட்டி, ஒவ்வொரு ஓட்டை மேலும் ராத்திரி வைத்துவிடுங்கள். பை தரையோடு படிந்து அடைத்துக்கொள்ளும். காலையில் நாற்றம் இல்லையென்றால் தினம் ஒன்றாக எடுங்கள், எதை எடுத்தபின் வருகிறதோ அதுதான். எல்லாம் அடைத்தும் வந்தால் கமோடின் அடியைப் பாருங்கள். லேசாக ஆடினாலே அடி இணைப்பு விட்டிருக்கும். எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு ஓரத்தில் ஊதுபத்தி பிடித்தால் புகை அலையும் இடம் தெரியும். அந்த ஃபேன் ஒரு வில்லன் என்பதும் அப்போது புரியும்: கதவு ஜன்னலை மூடிவிட்டு அதைப் போட்டால், வற்றிய ட்ராப் வழியாகத்தான் காற்றை இழுக்கும்.

கேள்வி (கானாடுகாத்தான்): பழைய வீட்டில் ஆறு அறையை விருந்தினருக்கு விடுகிறோம். ஓர் அறையில் மட்டும் ஏசி போட்ட முதல் பத்து நிமிடம் சாக்கடை வாடை. பாத்ரூம் சுத்தமாக இருக்கிறது.

பதில்: ஏசித் தண்ணீர் போகும் குழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். சுவரில் கறை படுமே என்று அதைக் கொண்டுபோய் பாத்ரூம் வேஸ்ட் லைனில் நேராகச் சேர்த்திருப்பார்கள். ஏசி ஓடாத நாளில் குழாய் காய்ந்து, சாக்கடைக் காற்று மேலே ஏறி மெஷினுக்குள் நிற்கும். ஆள் வந்து போட்டதும் அறைக்குள் ஊதும். இதற்காகச் சுண்ணாம்புப் பூச்சுச் சுவரை உடைக்க விட்டுவிடாதீர்கள், அந்தப் பூச்சை மறுபடி செய்ய ஆள் தேட வேண்டும். சேரும் முனையை மட்டும் துண்டித்து, வெளியே செடிக்கோ, ட்ராப் உள்ள தரை ஓட்டைக்கு ஒரு சாண் மேலோ சொட்டும்படி விட்டால் போதும்.

கேள்வி (காரைக்குடி, புது வீடு): மாடியில் ஃப்ளஷ் செய்தால் கீழே 'குளுக் குளுக்' என்று சத்தம், பிறகு நாற்றம்.

பதில்: மேலிருந்து விழும் தண்ணீர் போகிற போக்கில் கீழ் ட்ராப்பின் தண்ணீரை உறிஞ்சிவிடுகிறது. குழாய்க்கு மேலிருந்து காற்று கிடைக்கவில்லை. வென்ட் பைப்பே வைக்காமல் விட்டிருப்பார்கள், அல்லது உச்சி வலையில் சிலந்தியோ குருவியோ குடியிருக்கும். மாடியில் ஏறிப் பாருங்கள். செப்டிக் டேங்க்கின் காற்றுக் குழாயையும் கவனியுங்கள். டேங்க் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால், குழாய் வீட்டின் உச்சியைவிட 2 மீட்டர் உயர வேண்டும் என்பது இந்தியத் தர விதி. ஜன்னல் உயரத்தில் வெட்டிவிட்டால் வாடை நேராகப் படுக்கையறைக்குத்தான்.

கேள்வி: சமையலறைத் தரையோரம் மட்டும் அழுகல் வாடை அண்ணே. சிங்க்காக இருக்குமா?

பதில்: முதலில் சிலிண்டரைச் சந்தேகப்படுங்கள். கசிந்தால் தெரியட்டும் என்று அந்த வாயுவில் நாற்றம் சேர்த்திருக்கிறார்கள். அது காற்றைவிடக் கனம், தரையோடு படரும். சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள். அது இல்லை என்று உறுதியான பிறகு சிங்க்கைப் பார்க்கலாம்.

கேள்வி: குழாய்த் தண்ணீரே முட்டை அழுகின மாதிரி இருக்கிறது.

பதில்: ஒரு டம்ளரில் பிடித்து முற்றத்துக்குக் கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். அங்கே வாடை இல்லையென்றால் குற்றம் சாக்கடையில். வெந்நீரில் மட்டும் என்றால் ஹீட்டருக்குள். இரண்டிலும் என்றால் போர்த் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள்.

கேள்வி (புதுவயல்): ஐப்பசி மழை வந்தால் முற்றத்து ஓட்டையிலிருந்தே நாற்றம். செப்டிக் டேங்க்கில் ஆள் இறக்கிச் சுத்தம் செய்யலாமா?

பதில்: ஆளை இறக்கவே கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது, அதைவிட முக்கியம் உயிர். உள்ளே நிற்கும் ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்து வாடையே தெரியாது. அடுத்த நொடி மயக்கம். காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்தே போன செய்திகளைப் படித்திருப்பீர்கள். உறிஞ்சும் லாரியை அழையுங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுத்துவிடுவது நல்லது.

ஆனால் உங்கள் வீட்டில் மூலக் கோளாறு வேறு என்று நினைக்கிறேன். வளவு முற்றத்தில் விழும் மழைத்தண்ணீருக்கு அந்தக் காலத்தில் தனிவழி விட்டுக் கட்டினார்கள். பின்னால் பாத்ரூம் கட்டியபோது செலவு மிச்சம் என்று அதையும் செப்டிக் லைனில் இணைத்திருப்பார்கள். மழையில் டேங்க் நிரம்பி, காற்று வந்த வழியே திரும்பி வீட்டு நடுவில் கிளம்புகிறது. முற்றத்தில் இரண்டு வாளி சாயத் தண்ணீர் ஊற்றிவிட்டு, கொல்லையில் சேம்பர் (கழிவுக் குழாய்கள் சேரும் தொட்டி) மூடியைத் திறந்து, முகத்தை விலக்கி நின்று பாருங்கள். சாயம் அங்கே வந்தால் இணைப்பைத் துண்டித்து, மழைத்தண்ணீரைப் பழைய வழியிலேயே வெளியே விடச் சொல்லுங்கள். பழைய வழி மண்மூடிக் கிடந்தாலும் தோண்டினால் பெரும்பாலும் கிடைக்கும்.