கார்பன் ஒப்பந்தம்: தலைவர் கையெழுத்து மட்டும் போதுமா?

வணக்கமுங்க. கடம்பூர் மலையில் உங்கள் ஊர்க்காட்டை வெட்டாமல் காத்தால் கார்பன் பணம் (மரங்கள் காற்றிலிருந்து பிடித்து வைக்கும் கரியமில வாயுவைக் கணக்கிட்டுத் தரும் பணம்) வரும் என்று ஒரு கம்பெனி சொல்வதாகவும், ஊர்த்தலைவர் கையெழுத்தே போதும் என்பதாகவும் எழுதியிருந்தீர்கள். போதாதுங்க.

முதலில் நிலம் யாருடையது? பட்டா நிலம் என்றால் பட்டாதாரர் முடிவு. காடு என்றால், 2006 வன உரிமைச் சட்டப்படி சமூக வன வள உரிமைப் பத்திரம், அதாவது ஊர்க்காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் ஊருக்கே உரிமை தரும் தாள், வாங்கிவிட்டீர்களா? அது இல்லாமல் பேச ஆரம்பித்தால், பணம் வரும் நாளில் உங்கள் ஊர்ப் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. காட்டைப் பற்றிய முடிவு தலைவருடையது இல்லை, கிராம சபையுடையது. அந்தச் சட்டத்தில் கிராம சபை என்றால் பாதிப் பேராவது கூட வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தலைவர் வீட்டுத் திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்தால் அது சபை ஆகாது.

காடழிப்பைக் குறைக்கும் திட்டங்களுக்கென்று 2010-இல் கான்குன் ஐ.நா. மாநாட்டில் ஏழு பாதுகாப்பு விதிகள் ஏற்கப்பட்டன. வெளிப்படையான நிர்வாகம், பழங்குடியினர் உரிமை, முழுப் பங்கேற்பு எல்லாம் அதில் உண்டு. நாடுகளுக்காக எழுதியதுதான், ஆனாலும் கம்பெனியை அளக்க நல்ல படி.

அப்புறம், தமிழில் ஒப்பந்த நகல் கேளுங்கள். எத்தனை வருஷம், யாருக்கு எவ்வளவு, எந்தக் கணக்கில், காட்டுத்தீ வந்தால் நஷ்டம் யார் தலையில்? முக்கியமாக மாடு மேய்க்கவும் தேன் எடுக்கவும் தடை வருமா? அந்தியூர்ச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து மாட்டுக்கு விலை பேசலாம், காட்டுக்கு ஆகாது.

நகல் கிடைத்தால் ஆட்கள் பெயரை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள், பார்க்கலாம்.